கொடைக்கானல் ஜிப்சிக்கு இன்ஜின் போர் வேலை அவசியமா?

வாகனக் கேள்வி – பதில்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் இன்ஜின் நடுக்கத்தைப் பற்றி வந்த நான்கு கடிதங்களை இம்முறை சேர்த்தே எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. அதில் சொல்லியிருக்கும் சோதனைகளில் பல மற்ற மூவருக்கும் பயன்படும்.

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி இருக்கிறது, 1298 சிசி, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி), பிரேக் பூஸ்டர் (இன்ஜினின் உறிஞ்சு விசையால் பிரேக்குக்குப் பலம் சேர்க்கும் கருவி) உள்ள வண்டி. ஐடிலிங்கில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் முன்கண்ணாடியும் நடுங்குகின்றன; ஆக்சிலரேட்டரை மிதித்து 2000 சுற்றுக்கு மேல் போய்விட்டால் குறை தெரிவதில்லை. கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்து நின்றால் இன்ஜின் அணைந்தே போகிறது. வத்தலக்குண்டுக்கு இறங்கும் நாட்களில் நடுக்கம் இன்னும் அதிகம். பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் மூன்றையும் மாற்றி, கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துக் கழுவியும் பலன் இல்லை. பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது நான்கிலும் இன்ஜின் ஒரே அளவுக்குத் தொய்ந்தது. கடைசியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்த்தார்கள்: 150, 152, 148, 150 பி.எஸ்.ஐ. கையேட்டில் 199 என்று இருப்பதால் இன்ஜினை இறக்கிப் போர் வேலை (தேய்ந்த சிலிண்டர்களைக் குடைந்து புதுப்பிக்கும் வேலை) செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? — வாசகர், கொடைக்கானல்

பதில்: செய்ய வேண்டாம். நீங்கள் எழுதி அனுப்பிய நான்கு எண்களே உங்கள் இன்ஜின் நலமாக இருப்பதற்குச் சாட்சி.

சுசூகியின் எட்டு வால்வு 1.3 லிட்டர் இன்ஜினுக்குக் கம்ப்ரஷன் 199 பி.எஸ்.ஐ இருக்க வேண்டும், 170க்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 14க்கு மேல் இருக்கக் கூடாது என்பது கையேட்டுக் கணக்கு. இந்தக் கணக்கு கடல் மட்டத்துக் காற்றை வைத்துப் போடப்பட்டது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே குறைவு. உள்ளே வரும் காற்று குறைந்தால் அதை அழுத்திக் கிடைக்கும் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும் என்பதால், கடல் மட்டத்தில் 199 காட்டும் இன்ஜின் உங்கள் ஊரில் ஏறத்தாழ 154தான் காட்டும். 170 என்ற கீழ் எல்லை அங்கே 132க்கு இறங்கிவிடும். உங்கள் வண்டி 150ஐ ஒட்டி நிற்கிறது, நான்கு சிலிண்டர்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் வெறும் 4. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு பெட்ரோல் இன்ஜினுக்கு இது பொறாமைப்படத்தக்க நிலை. சமவெளியில் அச்சான எண்ணை மலையில் வைத்துப் படித்ததால் நேர்ந்த தவறு இது. மெக்கானிக்கின் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சோதனை முறையாக நடந்ததா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றியிருக்க வேண்டும். ஆக்சிலரேட்டர் முழுதாக மிதிபட்டிருக்க வேண்டும். பேட்டரி தெம்பாக இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் பார்த்தால் நல்ல இன்ஜின்கூட நோயாளிபோலக் காட்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பது வழக்கம்: எண் ஏறினால் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு கசிவு, பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் குறைந்தால் ஹெட் கேஸ்கட். உங்களுக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை.

இனி நடுக்கத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே மூன்று தடயங்கள் இருக்கின்றன. பிளக் ஒயரைக் கழற்றியபோது நான்கிலும் ஒரே அளவுக்குத் தொய்ந்தது என்றால், நான்கு சிலிண்டர்களும் சமமாக வேலை செய்கின்றன, அல்லது சமமாக அரைகுறையாக வேலை செய்கின்றன என்று பொருள். அப்படியானால் பழுது தனி பிளக்கிலோ தனி வால்விலோ இல்லை. நான்குக்கும் பொதுவான ஓர் இடத்தில், அதாவது பெட்ரோலும் காற்றும் சேர்ந்து கலவை தயாராகும் இடத்தில், அல்லது டைமிங்கில் (பிளக் பொறி விழும் நேரத்தில்) இருக்கிறது. இரண்டாவது தடயம், வேகத்தில் சரியாகி ஐடிலில் மட்டும் கெடுவது: எங்கிருந்தோ திருட்டுத்தனமாகக் காற்றை இழுக்கும் இன்ஜினின் அடையாளம் இது. ஐடிலில் இன்ஜின் குடிக்கும் காற்றே மிகக் குறைவு என்பதால் ஒரு சிறு ஓட்டை வழியே வரும் காற்றும் கலவையைக் கெடுத்துவிடும். வேகம் கூடி, வரவேண்டிய வழியில் காற்று நிறைய வரத் தொடங்கியதும் அந்த ஓட்டைக் காற்று கணக்கில் வராமல் போய்விடும்.

மூன்றாவது தடயந்தான் எனக்கு மிகவும் பிடித்தது: வத்தலக்குண்டுக்கு இறங்கினால் நடுக்கம் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உயரம் ஏற ஏறக் காற்று லேசாகிறது, கார்புரேட்டரோ பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. ஆகவே மலை மேல் கலவையில் பெட்ரோல் மிகுந்து, கீழே இறங்க இறங்கக் கலவை மெலிகிறது. பெட்ரோல் மிகுதியால் நடுங்கும் வண்டி கீழே இறங்கினால் தேற வேண்டும். உங்களுடையது மேலும் கெடுகிறது என்றால் அது ஏற்கெனவே மெலிந்த கலவையில் தவிக்கிறது. உங்கள் ஊரின் உயரம் இத்தனை நாள் அந்தப் பழுதைப் பாதி மறைத்து வைத்திருந்திருக்கிறது.

இதை உறுதிப்படுத்த ஒரு காசும் செலவில்லாத சோதனை உண்டு. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, நடுங்கிக்கொண்டிருக்கும்போது சோக்கை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் இழுப்பானை) மெல்ல, அரை அங்குலம் போல இழுங்கள். நடுக்கம் அடங்கி இன்ஜின் சீராக உறுமினால் கலவை மெலிந்திருக்கிறது என்பது முடிவு. புகைந்து திணறினால் நான் சொன்னது தவறு, கார்புரேட்டரின் மிதவையையும் ஊசி வால்வையும் பார்க்க வேண்டும்.

மெலிவு உறுதியானால் முதலில் பிரேக் பூஸ்டரிடம் போங்கள். பிரேக்கை மிதித்தால் அணைகிறது என்று நீங்களே விரலைக் காட்டிவிட்டீர்கள். பிரேக்கை மிதித்த கணத்தில் ஐடிலிங் லேசாக ஒரு முறை தொய்ந்து மீள்வது இயல்பு. மிதித்திருக்கும் நேரம் முழுவதும் தாழ்ந்தே கிடந்தால், பூஸ்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்து, மேனிபோல்டு (சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) அந்த வழியாகக் காற்றை இழுக்கிறது என்று கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது பெடலுக்கு மேலே காதை வைத்தால் ‘உஸ்’ என்று ஓயாத சத்தம் கேட்கிறதா பாருங்கள். பிறகு சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, மேனிபோல்டிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, மேனிபோல்டுப் பக்கத்து முனையை ஒரு ரப்பர் மூடியால் இறுக்கி அடைத்து இன்ஜினை ஓட விடுங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் குற்றவாளி பூஸ்டரோ அதன் ஹோஸோதான். சிலர் ஹோஸைக் குறட்டால் நசுக்கியே இதைப் பார்ப்பார்கள். பழைய ஹோஸ் நசுக்கினால் வெடித்துவிடும் என்பதால் நான் அதைச் சொல்ல மாட்டேன். இந்த ஹோஸ் மேலிருந்து பார்த்தால் கன்னங்கரேலென்று புதிதுபோல இருக்கும். கிளிப்புக்குப் பக்கத்தில், கீழ்ப்பக்கமாக வளையும் இடத்தைக் கையால் மடக்கிப் பாருங்கள்; கோடையில் காய்ந்த வயல்போல வெடிப்புகள் வாய் திறக்கும். மூடி போட்ட நிலையில் வண்டியைத் தெருவுக்கு எடுக்கக் கூடாது. பூஸ்டர் உதவி இல்லாத பிரேக் கல்லாகக் கனக்கும். மலைப்பாதை இறக்கத்தில் அதன் விலை என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே காரணத்துக்காக, பூஸ்டர் பழுது உறுதியானால் அதைச் சரிசெய்யும்வரை வத்தலக்குண்டுப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

பூஸ்டர் குற்றமற்றது என்றால் அடுத்த சந்தேகம், இரண்டு முறை பிரிக்கப்பட்ட கார்புரேட்டரின் அடித்தளம். பழைய கேஸ்கட்டையே மறுபடி போட்டு, காற்று வரக் கூடாதே என்ற கவலையில் நட்டுகளை அளவுக்கு மீறி இறுக்குவது நம் பட்டறைகளின் பழக்கம். அந்த இறுக்கத்திலேயே அடித்தளம் வளைந்து, மூலைகள் அமர்ந்து நடு தூக்கிக்கொள்ளும். ஓர் இரும்பு ஸ்கேலை அதன் மேல் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வளைவு கண்ணுக்கே தெரியும். கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும் வெப்பத் தடுப்புத் துண்டு, இன்டேக் மேனிபோல்டு கேஸ்கட், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கம் குழாய் ஆகியவற்றையும் அப்படியே பாருங்கள். இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்புகளின் மேல் ஊசிக் குழலால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபட்டு ஐடிலிங் ஒரு கணம் மாறும். இதற்குப் பெட்ரோல் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அதைச் செய்பவரிடம் என் வண்டியை விட மாட்டேன்.

வேக்கம் கேஜ் (மேனிபோல்டின் உறிஞ்சு விசையை அளக்கும் கருவி) கிடைத்தால் வேலை இன்னும் எளிது. கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரசக் கணக்கில்) காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஓர் அங்குலம் கழிக்க வேண்டும் என்பதால் உங்கள் ஊரில் 10 முதல் 14 என்றால் இயல்பு. முள் அசையாமல் அதற்கும் கீழே நின்றால் காற்றுக் கசிவு அல்லது பின்தங்கிய டைமிங். ஒரே தாளத்தில் விட்டு விட்டு விழுந்தால் ஒரு வால்வு சரியாக அமரவில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கார்புரேட்டரின் ஐடில் ஜெட்டைத் தேடுங்கள். சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டரில் ‘டிக்’ என்று சத்தம் தரும் சொலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு) உள்ள வண்டியானால், அந்தச் சத்தம் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். அது இறந்துபோனால் ஐடிலுக்கான பெட்ரோல் வழியே மூடிக்கொள்ளும். எதைச் சரிசெய்தாலும் டேப்பெட் (வால்வு இடைவெளி), பிளக் இடைவெளி, டைமிங் என்ற வரிசையில் பார்த்து முடித்துவிட்டு, கடைசியாகத்தான் கார்புரேட்டர் திருகில் கை வைக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் டேப்பெட், டைமிங் பற்றி ஒரு சொல்லும் இல்லை, கார்புரேட்டரோ இரண்டு முறை கழன்றிருக்கிறது.

கேள்வி: எங்கள் ஏலத்தோட்டத்தில் மகிந்திரா எம்எம்540 ஜீப் இருக்கிறது, பெஜோ டீசல் இன்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை கக்கி, நான்கைந்து நிமிடம் வண்டியே ஆடுகிறது. பிறகு நாள் முழுதும் ஒரு குறையும் இல்லை. நாசிலை (டீசலைத் தெளிக்கும் முனையை) மாற்றச் சொல்கிறார்கள். — வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: நாசிலை மாற்றுவதற்கு முன் ஹீட்டர் பிளக்குகளைப் பாருங்கள். அந்த 2112 சிசி பெஜோ இன்ஜினில் டீசல் நேரடியாகப் பிஸ்டன் மேல் தெளிக்கப்படுவதில்லை. ஹெட்டில் இருக்கும் ஒரு சிறு அறையில் தெளிக்கப்பட்டு அங்கே பற்றுகிறது. குளிர்ந்த நிலையில் அந்த அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிவிடுவதால் ஹீட்டர் இல்லாமல் டீசல் பற்றாது. நான்கில் ஒரு ஹீட்டர் செத்திருந்தாலும் மற்ற மூன்று சிலிண்டர்களின் பலத்தில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும்; நான்காவது சிலிண்டரின் டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே போகும், வண்டி மூன்று காலில் நொண்டும். நான்கைந்து நிமிடத்தில் இன்ஜின் சூடேறியதும் அந்தச் சிலிண்டரும் தானாகச் சேர்ந்துகொள்ளும். நீங்கள் விவரித்தது எழுத்துக்கு எழுத்து இதுவேதான். நாசில் பழுது என்றால் சூடான பிறகும் ஏற்றத்தில் கரும்புகையோ தட்டும் சத்தமோ மிச்சம் இருக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. ஹீட்டர்களுக்குப் போகும் ஒயரையும் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பட்டையையும் கழற்றிவிட்டு, 12 வோல்ட் டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, மறு முனையால் ஒவ்வொரு ஹீட்டரின் தலையையும் தொடுங்கள். லாம்பு எரிந்தால் உயிர் இருக்கிறது, எரியாததை மாற்றுங்கள். நான்கும் எரிந்தால் ஹீட்டர் ரிலேயையும், இன்ஜினையும் சேஸையும் இணைக்கும் எர்த் பட்டையையும் பாருங்கள். இந்தப் பட்டையின் அருமையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: என் பழைய ஜீப்புக்கு ஸ்டார்ட்டர், பேட்டரி இரண்டையும் மாற்றிய பிறகு, கடைசியில் பச்சை பூத்து நான்கைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பட்டையைக் கண்டுபிடித்தவன் பட்டறையில் டீ வாங்கிவரும் பையன்.

ஹீட்டர்கள் நலம் என்றால், அடுத்தது இரவில் டீசல் லைனில் புகும் காற்று. ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே ஓர் அடி நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வாஷர், பான்ஜோ போல்ட், ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஏர் இழுக்கிறது. எந்தச் சிலிண்டர் நொண்டுகிறது என்று பார்க்க நாசில் பைப் நட்டைத் தளர்த்துவது பழைய முறை. செய்வதானால் தடித்த துணியைச் சுற்றி, ஸ்பேனர் பிடியில் மட்டும் கை வைத்து, அரைச் சுற்றுக்கு மேல் தளர்த்தாமல் செய்யுங்கள். நாசில் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம்.

கேள்வி: கார்புரேட்டர் ஜிப்சி மூன்று மாதம் ஷெட்டில் நின்றது. எடுத்ததிலிருந்து மிஸ் அடிக்கிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் காரணம் என்கிறார்கள், உண்மையா? — வாசகர், ஏற்காடு

பதில்: பாதி உண்மை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பெட்ரோல் பங்க்குகளில் விற்பனைக்கு வந்து, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. உங்கள் வண்டியோ அந்த எண்ணமே இல்லாத காலத்தில் வடிவமைக்கப்பட்டது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால் அதே ஜெட் அளவில் கலவை சற்று மெலியும். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் அது ஊதவைத்து மென்மையாக்கும். இவற்றைவிட நிறுத்திவைத்த வண்டிக்குப் பெரிய எதிரி, அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வது. ஏற்காட்டு மூடுபனியில், பாதி காலியான டேங்கில், மூன்று மாதம் என்றால் ஈரம் சேர்ந்து, ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் லைன் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான்.

கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தாலோ, அடியில் முத்து முத்தாக உருண்டாலோ, துருத்தூள் படிந்தாலோ, டேங்கை முழுதும் வடித்துச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றுங்கள். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகையில் புதிதாகப் போடுங்கள், பம்பைப் பிரித்து டயஃப்ரத்தைப் பாருங்கள். பாட்டிலில் பெட்ரோல் தெளிவாக நின்றால் எத்தனாலை விட்டுவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே பென்சிலால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடியிருந்தால், பனி ஈரத்தில் மின்சாரம் அந்தக் கோட்டு வழியே கசிகிறது. துடைத்தால் போகாது, கேப்பை மாற்ற வேண்டும். இரவில் விளக்கை அணைத்து பானெட்டைத் திறந்து வைத்தால், கசியும் பிளக் ஒயரில் நீலப் பொறி ஓடுவதையும் காணலாம்.

கேள்வி: 2004 ஜிப்சி, எம்பிஎஃப்ஐ இன்ஜின் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை). ஐடிலிங் நடுக்கம் இருக்கிறது, ஆனால் ஸ்கேனரில் ஒரு கோளாறும் வரவில்லை. இழுவையும் மைலேஜும் சரியாகவே இருக்கின்றன. ஆற்றுப்படுகையில் ஒரு முறை அடி வாங்கிய வண்டி. — வாசகர், சத்தியமங்கலம்

பதில்: இழுவை, மைலேஜ், ஸ்கேனர் மூன்றும் சரி என்றால் இன்ஜின் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, அதன் இயல்பான அதிர்வு பாடிக்கு வந்து சேர்கிறது என்று சந்தேகிக்கிறேன். பானெட்டைத் திறந்து வைத்து, நடுக்கத்தின்போது டேக்கோமீட்டர் (இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் இன்ஜின் மவுண்டிங், கியர் பாக்ஸ் மவுண்டிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுண்டிங் ரப்பர்களை ஒவ்வொன்றாக டார்ச் அடித்து, கடப்பாரை முனையால் லேசாக நெம்பிப் பாருங்கள். அடி வாங்கிய வண்டியில் ரப்பர் இரும்பை விட்டுக் கழன்றிருப்பது முன்பக்கத்திலிருந்து தெரியாது. சைலன்சர் குழாய் எங்காவது சேஸில் உரசிப் பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறதா என்பதையும் படுத்துப் பார்த்துவிடுங்கள். முள்ளும் சேர்ந்து ஆடினால், த்ராட்டில் பாடியின் ஐடில் காற்று வழியைச் சுத்தம் செய்துவிட்டு, கொடைக்கானல் வாசகருக்குச் சொன்ன பூஸ்டர் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.